குறுவட்டத்திலிருந்து சியாங் மாய் வரை

2025 ஜூலை 5. தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் இந்தியப் பெண்கள் கால்பந்து அணியும் தாய்லாந்து அணியும் ஆடுகளத்தில் இறங்கின. அதற்கு முன் இரு அணிகளும் மூன்று ஆட்டங்கள் ஆடி மூன்றிலும் வென்றிருந்தன. இருவருக்கும் ஒன்பது புள்ளிகள். கோல் வித்தியாசமும் இருவருக்கும் 22தான். இரண்டு வாரம் ஓடியும் பட்டியலில் யார் மேலே, யார் கீழே என்று சொல்ல வழியில்லாமல் இருந்தது. அன்று வென்றவர்கள் 2026இல் ஆஸ்திரேலியாவில் நடக்கும் ஆசியக் கோப்பைக்குப் போகலாம். தோற்றவர்கள் அடுத்த முறைக்குப் பல வருடம் காத்திருக்க வேண்டும்.

உலகத் தரவரிசையில் தாய்லாந்து 46ஆம் இடத்தில் இருந்தது, இந்தியா 70ஆம் இடத்தில். போதாததற்கு ஊரும் அவர்களுடையது, கூட்டமும் அவர்களுடையது. 28ஆம் நிமிடத்தில் வங்காளத்துக் கல்யாணியைச் சேர்ந்த சங்கீதா பாஸ்ஃபோர் ஒரு கோல் அடித்தார். இடைவேளை முடிந்து இரண்டே நிமிடத்தில் தாய்லாந்து சமன் செய்தது. 74ஆம் நிமிடத்தில் மறுபடியும் சங்கீதா. 2–1. தகுதிச் சுற்றில் ஆடி வென்று இந்தியப் பெண்கள் ஆசியக் கோப்பைக்குள் நுழைவது அதுவே முதல் தடவை.

செய்தித்தாள்கள் கடைசி ஆட்டத்தைப் பெரிதாகப் போட்டன. போடவேண்டியதுதான். ஆனால் அதற்கு முந்தைய மூன்று ஆட்டங்களைத் தமிழ் வாசகர்கள் இன்னும் கூர்ந்து பார்க்கலாம். ஜூன் 23இல் மங்கோலியாவை 13–0 என்று வென்றபோது தமிழ்நாட்டின் பிரியதர்ஷினி செல்லதுரை இரண்டு கோல் அடித்தார். ஜூன் 29இல் கிழக்குத் திமோரை 4–0. ஜூலை 2இல் ஈராக்கை 5–0. அதில் ஒரு கோல் தமிழ்நாட்டின் கார்த்திகா அங்கமுத்துவுடையது. இந்த ஆட்டங்களில் அடித்த ஒவ்வொரு கோலும் கடைசி நாளுக்கான சேமிப்பு. பிரியதர்ஷினியின் இரண்டு கோலும் கார்த்திகாவின் ஒரு கோலும் இல்லாமல் போயிருந்தால், கோல் வித்தியாசத்தில் பின்தங்கியபடிதான் இந்தியா தாய்லாந்தைச் சந்தித்திருக்கும். எதிரணி வலுவில்லாததாயிற்றே என்று அந்தக் கோல்களை ஒதுக்கிவிடுவது, தகுதிச் சுற்று எப்படி நடக்கிறது என்று அறியாதவர்களின் கணக்கு.

அது நடக்கும் விதம் எளிமையானது. அதே அளவுக்கு ஈவிரக்கமற்றது. ஆசியக் கோப்பையில் ஆடுவது மொத்தம் 12 அணிகள். போட்டியை நடத்தும் ஆஸ்திரேலியாவுக்கும், 2022இல் முதல் மூன்று இடம் பிடித்த சீனா, தென் கொரியா, ஜப்பானுக்கும் நேரடி இடம். மீதி எட்டு இடங்களுக்கு 34 நாடுகள் மோதின. அவற்றை எட்டுப் பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவையும் ஒரே ஊரில் ஆடவைத்தார்கள். பிரிவில் முதலிடம் பெறும் அணிக்கு மட்டுமே வழி. இரண்டாம் இடத்துக்கு ஆறுதலாகக்கூட ஒன்றும் கிடையாது. இந்த ஆசியக் கோப்பையே 2027இல் பிரேசிலில் நடக்கும் பெண்கள் உலகக் கோப்பைக்கும் வாசல் என்பதால், சியாங் மாயின் அந்த 90 நிமிடங்கள் இரண்டு கதவுகளுக்குச் சேர்த்து ஒரே சாவியாக இருந்தன.

இந்த அணி எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்தால்தான் வெற்றியின் எடை தெரியும். 1980இல் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் பெண்கள் போட்டியில் இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. 1983இல் மறுபடியும் இரண்டாம் இடம். பிறகு மெல்ல மெல்ல ஆட்டங்கள் அற்றுப்போயின. 2009இல், நெடுநாள் எந்தப் பன்னாட்டு ஆட்டமும் ஆடவில்லை என்ற காரணத்தால் ஃபிஃபாவின் தரவரிசைப் பட்டியலிலிருந்தே இந்தியப் பெண்கள் அணியின் பெயர் எடுக்கப்பட்டது. இவர்கள் தோற்றுக் கீழே இறங்கியவர்கள் அல்லர். ஆடாமலே காணாமல் போனவர்கள். 2022இல் ஆசியக் கோப்பையை நடத்தும் நாடு என்ற முறையில் இடம் கிடைத்தது. நவி மும்பையில் ஈரானுடன் 0–0 என்று முதல் ஆட்டத்தை முடித்த கையோடு அணிக்குள் கொரோனா பரவியது. சீனத் தைபேயுடனான அடுத்த ஆட்டத்துக்கு இறக்கப் போதிய வீராங்கனைகள் இல்லை. அத்தோடு போட்டியிலிருந்தே வெளியேற்றம்.

அங்கிருந்து மூன்றரை ஆண்டில் சியாங் மாய். பயிற்சியாளர் கிறிஸ்பின் சேத்ரியின் உழைப்பும் பெங்களூரில் நடந்த நீண்ட பயிற்சி முகாமும் இதற்குக் காரணங்கள்தாம். என் பார்வையில் அவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: ஆட்டங்களின் எண்ணிக்கை. இந்தியப் பெண்கள் லீக் 2017இல் தொடங்கியபோது அதன் இறுதிச் சுற்று தில்லியில் ஆறு அணிகளோடு மூன்று வாரத்துக்குள் முடிந்துவிட்டது. லீக் என்பது பெயரளவில்தான். பல ஆண்டுகள் இப்படி ஒரே ஊரில் கூட்டிவைத்து நடத்திய பிறகு, 2023–24இல்தான் சொந்த ஊரிலும் எதிரணியின் ஊரிலும் ஆடும் முறை வந்தது. ஏழு அணிகள், அணிக்குப் பன்னிரண்டு ஆட்டங்கள். அடுத்த பருவத்தில் எட்டு அணிகள், பதினான்கு ஆட்டங்கள். உலகக் கணக்கில் இது சொற்பம். ஆனாலும் மாதக்கணக்கில் வாரம்தோறும் ஆடி, தோற்று, அடுத்த வாரம் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு இந்தியப் பெண்களுக்கு முதன்முறையாக வாய்த்தது. அந்த இரண்டு பருவங்கள் முடிந்த கையோடு வந்ததுதான் சியாங் மாய். அதே ஆண்டு ஆகஸ்டில் 20 வயதுக்குட்பட்ட பெண்கள் மியான்மரை யாங்கோனிலேயே வென்று தங்கள் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். அக்டோபரில் 17 வயதுக்குட்பட்டவர்களும் பெற்றார்கள்.

ஆண்கள் அணியின் கதை இதன் மறுபக்கம். 2027 ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் இந்தியாவோடு ஹாங்காங், சிங்கப்பூர், வங்கதேசம் ஆகியவை ஒரே பிரிவில் இருந்தன. இங்கும் முதலிடத்துக்கு மட்டுமே வழி. ஷில்லாங்கில் வங்கதேசத்துடன் 0–0. ஹாங்காங்கில் 0–1. 2025 ஜூலையில், ஒப்பந்தச் சிக்கலால் இந்தியன் சூப்பர் லீக் நிறுத்திவைக்கப்பட்டது. லீக் எப்போது தொடங்கும் என்று தெரியாத நிலையிலேயே வீரர்கள் அக்டோபரில் சிங்கப்பூரைச் சந்தித்தார்கள். அங்கே போய் 1–1 என்று தப்பித்து வந்தவர்கள், அக்டோபர் 14இல் கோவாவின் மட்கானில் இந்தியாவின் சாங்தே முதல் கோல் அடித்தும், சிங்கப்பூரின் சோங் உய்-யங்கின் இரண்டு கோல்களால் 1–2 என்று தோற்றார்கள். இந்தியாவின் வாய்ப்பு அன்றே முடிந்தது. சிங்கப்பூர் அடுத்த மாதம் ஹாங்காங்கையும் வென்று தகுதி பெற்றது.

திருச்சியில் இருப்பவர்களுக்கு அந்தத் தோல்வியில் தனியான ஒரு சங்கடம் உண்டு. இந்த ஊரிலும் சுற்றுப்பட்டிலும் சிங்கப்பூரில் உறவு இல்லாத தெரு குறைவு. விமானம் ஏறினால் நாலரை மணி நேரத்தில் போய் இறங்கிவிடலாம். சிங்கப்பூர் என்பது நமக்குத் தொலைதூர நாடு அல்ல; அத்தை வீடு, அண்ணன் வேலை பார்க்கும் இடம். சுந்தரமூர்த்தி போன்ற தமிழர்கள் அந்த நாட்டு அணியின் நட்சத்திரமாக ஆடி, பிறகு அதே அணிக்குப் பயிற்சியாளராகவும் இருந்தார்கள். அறுபது லட்சம் பேர் வாழும் அந்த ஊர், நூற்றுநாற்பது கோடிப் பேர் வாழும் நாட்டை அதன் மண்ணிலேயே வென்று போனதை, மக்கள்தொகையைக் காட்டி விளக்க முடியாது.

மக்கள்தொகையைக் காட்டிப் பேசுவது இந்தியக் கால்பந்து குறித்த பேச்சில் பழைய நோய். அதை விட்டுவிட்டு, தகுதிச் சுற்றுகளின் வரலாற்றை ஆட்டங்களின் எண்ணிக்கையைக் கொண்டு படித்துப் பார்க்கலாம்.

முதல் தகுதிச் சுற்றில் அந்த எண்ணிக்கை சுழியம். 1950 உலகக் கோப்பைக்கான பத்தாம் பிரிவில் இந்தியா, பர்மா, இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ் என நான்கு நாடுகள். மற்ற மூன்றும் விலகிக்கொண்டதால் பந்தைத் தொடாமலேயே இந்தியா தகுதி பெற்றது. பிரேசிலில் இத்தாலி, சுவீடன், பராகுவே ஆகியவற்றோடு சேர்க்கவும்பட்டது. பிறகு இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு போவதில்லை என்று முடிவெடுத்தது. வெறுங்காலோடு ஆட அனுமதிக்காததால் போகவில்லை என்ற கதை இன்றும் பள்ளிக்கூடங்களில் சொல்லப்படுகிறது. அப்போதைய அணியின் தூணாக இருந்த சைலேன் மன்னாவே பிற்காலத்தில் அதை மறுத்துவிட்டார். நீண்ட கப்பல் பயணம், செலவு, பயிற்சிக்குப் போதாத நாட்கள், உலகக் கோப்பையைவிட ஒலிம்பிக்கையே உயர்வாக நினைத்த மனநிலை, இவையெல்லாம் சேர்ந்து எடுத்த முடிவு அது. எனக்கு இதில் உறுத்துவது போகாதது மட்டும் அல்ல. தகுதிக்காக ஒரே ஒரு ஆட்டம் ஆடியிருந்தால், ஒரு இந்தோனேசிய அணியைக் கல்கத்தாவில் வென்று தகுதி பெற்றிருந்தால், அந்த அணியை அனுப்பாமல் இருப்பது அவ்வளவு எளிதாக இருந்திருக்காது. உழைக்காமல் கிடைத்ததை உதறுவதற்கு யாருக்கும் மனம் வலிக்காது.

பத்தாண்டு கழித்து அந்த இந்தோனேசியாவுடன் ஆடவேண்டி வந்தது. 1960 ரோம் ஒலிம்பிக்குக்கான தகுதிச் சுற்றில் இந்தியா கல்கத்தாவில் 4–2 என்றும் ஜகார்த்தாவில் 2–0 என்றும் வென்று போனது. அதற்கு முந்தைய வருடம்தான் கோலாலம்பூரின் மெர்டேக்கா கோப்பையில் இரண்டாம் இடம். அடுத்தடுத்து ஆசிய அணிகளோடு மோதிப் பழகிய அணி அது. பயிற்சியாளர் ஹைதராபாத் ரஹீம், தலைவர் பி.கே. பானர்ஜி. கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ், நீலகிரியில் வெலிங்டனில் இருந்த மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்தின் அணியில் வளர்ந்தவர். அந்தப் படைப்பிரிவு அணி 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையை வென்றது. அணியில் நம் காவிரிப் படுகைக்காரர் ஒருவரும் இருந்தார்: தஞ்சாவூர் சைமன் சுந்தரராஜ்.

ரோமில் ஹங்கேரியிடம் 1–2, பிரான்சுடன் 1–1, பெருவிடம் 1–3. பெருவுக்கு எதிரான அந்த ஒரு கோலை அடித்தவர் சைமன். அதற்குப் பிறகு இந்தியக் கால்பந்து அணி எந்த ஒலிம்பிக்கிலும் ஆடவில்லை. அதனால் ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசி கோல் இன்றுவரை ஒரு தஞ்சாவூர்க்காரர் அடித்ததுதான். திருச்சியிலிருந்து தஞ்சைக்கு ரயிலில் ஒரு மணி நேரம். இந்தச் செய்தி திருச்சி, தஞ்சைப் பள்ளிகளின் சுவர்களில் எழுதிவைக்கப்பட வேண்டிய ஒன்று. படுகையின் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் விட்டது நம் தலைமுறைகளின் குறை.

சைமன் பெயர் பெற்றது இங்கே அல்ல, பம்பாயில், கால்டெக்ஸ் எண்ணெய் நிறுவனத்தின் அணியில். பிற்பாடு பயிற்சியாளராகக் கேரளத்துக்குப் போய், 1973இல் மாநிலங்களுக்கிடையிலான சந்தோஷ் கோப்பையை அந்த மாநிலத்துக்கு முதன்முறையாக வாங்கித் தந்தார். எர்ணாகுளத்து இறுதி ஆட்டத்தில் கேரளம் வென்றது ரயில்வே அணியை. ஒருவர் இங்கே பிறந்து, மேற்கே ஆடி, அண்டை மாநிலத்தை வளர்த்திருக்கிறார். அறுபதுகளில் மூன்று முறை சந்தோஷ் கோப்பை வென்ற ரயில்வே அணியைப் பற்றிச் சொல்லும்போது திருச்சியின் பொன்மலையை நினைக்காமல் இருக்க முடியாது. நாகப்பட்டினத்திலிருந்து தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1928இல் இங்கே வந்தது. கூடவே குடியிருப்பும், இன்ஸ்டிடியூட்டும், மைதானமும் வந்தன. பந்து விளையாடினால் ரயில்வேயில் வேலை கிடைக்கும் என்ற ஒரே நம்பிக்கை, தென் மாவட்டங்களில் எத்தனையோ பையன்களைப் பள்ளிக்கூடம் விட்ட பிறகும் மைதானத்தில் வைத்திருந்தது. இந்த ஊருக்குக் கால்பந்து வந்த வழிகள் மூன்று: கண்டோன்மென்ட் படையினர், மிஷன் பள்ளிகள், ரயில்வே. மூன்றும் ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தன. ஆடத் தெரிந்தவனுக்குப் பதினெட்டு வயதுக்கு மேலும் ஆட ஒரு காரணத்தைக் கொடுத்தது ரயில்வே ஒன்றுதான்.

தமிழர் பெயர் பதிந்த இன்னொரு தகுதிச் சுற்று, கடல் கடந்து நடந்தது. அதன் முடிவு 1950ஐ அப்படியே தலைகீழாக்கியது போன்றது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்கான ஆசியத் தகுதிப் போட்டி ஒன்று கோலாலம்பூரின் மெர்டேக்கா அரங்கில் நடந்தது. மலேசியாவின் கோலைக் காத்தவர் ஆர். ஆறுமுகம், நீண்ட கைகளுக்காக ரசிகர்கள் அவரை ஸ்பைடர்மேன் என்று அழைத்தார்கள். முன்னால் சீனர் சோ சின் ஆன், பஞ்சாபியர் சந்தோக் சிங். இறுதியில் தென் கொரியாவை 2–1 என்று வென்றார்கள். வெற்றி கோல் சபாவின் ஜேம்ஸ் வோங்குடையது. ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்து மாஸ்கோவைப் புறக்கணித்த நாடுகளில் மலேசியாவும் ஒன்று. அணி போகவில்லை. இந்தியா ஆடாமல் தகுதி பெற்றுப் போகவில்லை. மலேசியா ஆடி வென்றும் போக முடியவில்லை. ஆனால் முன்னது ஒரு புள்ளிவிவரமாகச் சுருங்கிவிட்டது. பின்னதை மலேசியர்கள் முப்பத்தாறு ஆண்டு கழித்து ‘ஓலா போலா’ என்று திரைப்படமாக எடுத்தார்கள். அதைப் பார்க்க மலாய், சீன, இந்திய என மூன்று இனத்தாரும் திரையரங்குக்கு வந்தார்கள். பரிசு இல்லாமல் போனாலும், ஆடிய ஆட்டம் ஒரு நாட்டின் நினைவில் நிற்கும்.

மெர்டேக்கா கோப்பையை மலேசியா 1957 முதல் வருடாவருடம் நடத்தியது. ஆசியாவின் நல்ல அணிகளெல்லாம் அங்கே வந்து ஆடின. ஆறுமுகம் போன்ற ஒரு கோல்கீப்பர் உருவாக அந்தத் தொடர்ச்சி வேண்டியிருந்தது. இந்தியாவோ 1950க்குப் பிறகு முப்பத்தைந்து ஆண்டுகள் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை. 1985இல் இந்தோனேசியா, தாய்லாந்து, வங்கதேசத்தோடு ஆறு ஆட்டம் ஆடி, ஒன்றில் மட்டும் தோற்று, இரண்டாம் இடத்தில் நின்றது. 2001இல் பெங்களூரில் ஐக்கிய அரபு அமீரகத்தை 1–0 என்று வென்றும், பிரிவின் முடிவில் 11 புள்ளிகளோடு ஒரே ஒரு புள்ளியில் வாய்ப்பை விட்டது. 2024 ஜூன் 11இல் தோஹாவில், கோட்டைத் தாண்டி வெளியே போன பந்தை இழுத்து அடித்த கத்தாரின் கோல் செல்லும் என்று நடுவர் சொன்னார்; வீடியோ உதவி இல்லாத சுற்று அது. அந்த அநியாயம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அதே சுற்றில் கௌஹாத்தியில் ஆப்கானிஸ்தானிடம் 1–2 என்று தோற்றதற்கு எந்த நடுவரும் பொறுப்பில்லை.

இனி நம் ஊர்.

ஸ்ரீரங்கத்தில் ஆறாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்ணுக்குக் கால்பந்து பிடித்துப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். அவள் சந்திக்கும் முதல் தகுதிச் சுற்றின் பெயர் குறுவட்டம். பள்ளிக்கல்வித் துறை ஆண்டுதோறும் நடத்தும் போட்டிகளில் அடிப்படி அதுதான். பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்து ஒரு குறுவட்டம். அதில் வென்றால் வருவாய் மாவட்டம், அதற்கு மேல் மாநிலம், அங்கே கண்ணில் பட்டால் தேசியப் பள்ளி விளையாட்டுக்கான தமிழக அணி. வயதுப் பிரிவு 14, 17, 19. இதற்குப் பக்கத்திலேயே முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் என்ற இன்னொரு ஏணி சில ஆண்டுகளாக இருக்கிறது. பிரியதர்ஷினியும் கார்த்திகாவும் பிறந்த இந்த மாநிலத்தில், ஒரு பள்ளிப் பிள்ளை தேசிய அணியை நோக்கி ஏறவேண்டிய வழி இத்தகைய படிகளால் ஆனது.

படிகள் இருப்பது நல்லது. பிரச்சினை படியின் அமைப்பில் இருக்கிறது. குறுவட்டப் போட்டி பெரும்பாலும் நாக்-அவுட். ஒரு ஆட்டத்தில் தோற்றால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். பதினாறு பள்ளிகள் வந்தால் மொத்தம் பதினைந்து ஆட்டங்கள். அவற்றில் எட்டுப் பள்ளிகள் ஒரே ஆட்டத்தோடு முடித்துக்கொள்கின்றன. கோப்பை வாங்கும் பள்ளியே ஆடுவது நான்கு ஆட்டம்தான். வேறு போட்டிகளுக்குப் போகாத பள்ளியில், ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒவ்வொரு வருடமும் முதல் ஆட்டத்தில் தோற்கும் ஒரு பெண், ஏழு வருடத்தில் ஏழே ஆட்டங்கள் ஆடியிருப்பாள். அவளுக்குத் திறமை இருந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு நாளில் போட்டியை முடித்துச் சான்றிதழ் கொடுத்தாக வேண்டிய நெருக்கடி உடற்கல்வி ஆசிரியர்களுக்கு இருக்கிறது. கபடி, கோகோ, கைப்பந்து, தடகளம் எல்லாவற்றையும் அதே சில ஆசிரியர்கள்தான் நடத்த வேண்டும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் சல்லடையில் ஒரே ஒரு முறை தட்டிவிட்டு மீதியைக் கொட்டிவிடும் முறை இது. சியாங் மாயில்கூட, கடைசி இடத்துக்குப் போன அணி நான்கு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் ஊர் திரும்பியது.

இடமும் ஒரு காரணம். முழு அளவிலான கால்பந்து மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். ஏறத்தாழ ஒன்றே முக்கால் ஏக்கர். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, கோயிலைச் சுற்றி வீதிக்குள் வீதியாக வளர்ந்த ஸ்ரீரங்கத்தில் அந்த அளவுக்குத் திறந்த நிலம் என்றால் பள்ளி மைதானங்களைத்தான் பார்க்கவேண்டும். முறையான பயிற்சி வேண்டும் என்றால் காவிரிப் பாலம் தாண்டி, சத்திரம் பேருந்து நிலையம் தாண்டி, ஊரின் மறுகோடியில் காஜாமலையில் இருக்கும் அண்ணா விளையாட்டரங்கத்துக்குப் போகவேண்டும். பள்ளி விட்டு, இரண்டு பேருந்து மாறிப் போய்ப் பயிற்சி முடித்தால், பெண் வீடு திரும்பும்போது இருட்டிவிடும். பெரும்பாலான வீடுகளில் ஆட்டம் அங்கேயே நின்றுவிடுகிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மிச்சத்தை நிறுத்திவிடுகிறது. மாவட்டத்தில் எலந்தப்பட்டிப் பக்கம் ஒலிம்பிக் அகாடமி அமைக்கும் திட்டத்தை அரசு அறிவித்திருக்கிறது. வரட்டும், மகிழ்ச்சி. ஆனால் அது ஊரின் எல்லை தாண்டி இருக்கிறது; ஏற்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குத்தான் அது உதவும்.

இவ்வளவுக்கும் இந்த மாநிலத்துப் பெண்கள் கொடுத்த விளைச்சல் வியப்பானது. தமிழக ஆண்கள் அணி சந்தோஷ் கோப்பையை ஒருமுறைகூட வென்றதில்லை. பெண்கள் அணி 2018இல் கட்டாக்கில் மணிப்பூரை 2–1 என்றும், 2023இல் அமிர்தசரசில் ஹரியாணாவை 2–1 என்றும் வென்று இரண்டு முறை தேசியப் பட்டம் வாங்கியிருக்கிறது. 2019இல் தமிழகத்தின் சேது கால்பந்துக் கழகம் மணிப்பூர் காவல் அணியை 3–1 என்று வென்று இந்தியப் பெண்கள் லீக்கைக் கைப்பற்றியது. இந்தியாவுக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர், காவல்துறை உதவி ஆய்வாளர். சந்தியா ரங்கநாதன் அதே மாவட்டத்தின் பண்ருட்டிப் பக்கம். ஒரே மாவட்டத்திலிருந்து இத்தனை பேர் என்பது தற்செயல் அல்ல. கடலூரில் பெண்களுக்கென்று வருடம் முழுவதும் பந்து உருளும் இடம் ஒன்று இருந்தது, பார்த்துக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு ஒதுக்கப்பட்ட மூன்று விழுக்காடு, அன்று பொன்மலை கொடுத்த காரணத்தை இன்று இந்தப் பெண்களுக்குக் கொடுக்கிறது.

இன்னொரு ஒப்பீட்டையும் சொல்லியாக வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி திருச்சி மாவட்டத்தின் மக்கள்தொகை 27 லட்சத்துக்கு மேல். மிசோரம் மாநிலம் முழுவதற்கும் சேர்த்து 11 லட்சம்கூட இல்லை. அந்த மிசோரம் 2012இல் தனக்கென்று ஒரு பிரீமியர் லீக் தொடங்கி, உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஒளிபரப்பி, வீரர்களை வாராவாரம் ஆடவைத்தது. 2014இல் சந்தோஷ் கோப்பை. இறுதியில் தோற்றது ரயில்வே. 2017இல் ஐஸால் கால்பந்துக் கழகம் ஐ-லீக் பட்டத்தையே வென்றது. மலைச்சரிவில் மைதானம் வெட்டுவது ஸ்ரீரங்கத்தில் நிலம் தேடுவதைவிட எளிதாக இருந்திருக்க முடியாது.

குறுவட்டத்தை ஒழிக்கச் சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஒரு லீக் நடத்தலாம். காவிரியின் வடகரையில், ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், கொள்ளிடம் டோல்கேட் சுற்றிய பள்ளிகளில் எட்டு முன்வந்தால் போதும். 14 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு, பக்கத்துக்கு ஏழு பேர், பாதி மைதானம், இரண்டு இருபது நிமிடங்கள். எல்லோரும் எல்லோருடனும் ஆடினால் மொத்தம் 28 ஆட்டங்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரே பள்ளி மைதானத்தில், இரண்டு பாதியிலுமாக நான்கு ஆட்டங்கள் வைத்தால் ஒன்றரை மணி நேரத்தில் முடியும். ஏழு சனிக்கிழமையில் லீக்கே முடிந்துவிடும். பெற்றோர் நடந்து வந்து பார்க்கலாம், யாரும் காவிரிப் பாலம் தாண்ட வேண்டாம். கடைசி இடம் பிடிக்கும் பள்ளியின் பெண்ணும் ஏழு ஆட்டம் ஆடியிருப்பாள். இன்றைய முறையில் அவளுக்கு அது ஏழு வருடக் கணக்கு. செலவு என்று பார்த்தால் பந்துகள், சுண்ணாம்பு, நடுவர்களுக்குப் படி, பிள்ளைகளுக்குத் தண்ணீரும் வாழைப்பழமும். பள்ளி திறந்து ஜூலை முதல் வாரத்தில் தொடங்கினால் ஆகஸ்ட் நடுவில் முடியும். குறுவட்டப் போட்டி தள்ளிப்போனாலும் காலாண்டுத் தேர்வுக்கு இடைஞ்சல் இல்லை, ஐப்பசி மழைக்கும் வெகு முன்னால்.